பலாக்குழியின் நல்ல ரத்தம்

சென்னம்மாளை முதல் நாள் பார்த்தபோது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, நாற்பதாவது வளைவிலேயே காலை இட்லியைக் கக்கிவிட்டு, தலை கிறுகிறுக்க ஜீப்பை விட்டு இறங்கி நின்றேன். அந்த நேரம் பார்த்து, "ஏனுங்க மேடம், இதுக்கேவா? எங்கூருக்கு இன்னும் மூணு கிலோமீட்டர் எறக்கத்துல நடக்கோணுமுங்க" என்று ஒருத்தி சிரித்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? நான் ராசிபுரத்துக்காரி. கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள். "சிரிக்கறதுக்கா உங்களை வேலைக்கு வெச்சிருக்கு?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. என் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அது இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஆடி மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை அப்போதுதான் அடங்கியிருந்தது. மூன்றாவது எப்போது வரும் என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்த நேரம். நான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் களப்பணி மேற்பார்வையாளர். எங்கள் வேலை ரத்தம் எடுப்பது. கிருமி ஒருமுறை உடம்புக்குள் வந்துபோனால், ரத்தத்தில் அதன் தடம் மிச்சமிருக்கும். அந்தத் தடத்தை எண்ணினால் எந்த ஊரில் எத்தனை பேரை நோய் தொட்டது, எத்தனை பேரைத் தொடாமல் விட்டது என்று தெரிந்துவிடும். தொடாமல் விட்டவர்களுக்குத்தான் அடுத்த அலையில் ஆபத்து அதிகம்.

தடுப்பூசிக்கு அப்போது பெரிய தட்டுப்பாடு. மலையில் எட்டு ஊர்களை ஆய்வுக்கு எடுத்திருந்தார்கள். ஊசி வண்டி முதலில் நாலு ஊருக்குத்தான் போக முடியும். நோய் தொடாதவர்கள் அதிகம் உள்ள ஊருக்கு முதலில் போகும்; மற்ற ஊர்கள் காத்திருக்க வேண்டியதுதான், எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. அந்த எட்டில் ஒன்று பலாக்குழி. மலை ஊர்களை நாடு நாடாகப் பிரித்துச் சொல்வார்கள்; இது வாழவந்தி நாட்டில், பஸ் போகும் ரோட்டிலிருந்து கீழே இறங்கும் பள்ளத்தில், நூற்றுச் சொச்சம் வீடுகள். சென்னம்மாளின் ஊர்.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பிறந்தது அரியூர் நாட்டில், படித்தது எட்டாவது. பலாக்குழியில் நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளராக எட்டு வருஷம் இருந்தவர். ஊரில் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனது, யார் திரும்பி வந்தது, எல்லாம் விரல் நுனியில். அதனால்தான் எங்களுக்கு உதவியாளராக எடுத்தோம்.

அவருடைய வீட்டுக்காரர் சின்னான். நல்ல உழைப்பாளி. பத்து வருஷத்துக்கு முன்னால் காசநோய் வந்து குணமாகி, ஒரு பக்கத்து நுரையீரல் மட்டும் சுருங்கிப் போனது. சமதளத்தில் வேலை செய்வார், மிளகுக் கொடிக்கு ஏணி போட்டு ஏறுவார், ஆனால் அந்த மூன்று கிலோமீட்டர் ஏற்றம் ஏற மாட்டார். பாதியில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு முறை ஊசி போட்டுவரக் கிளம்பி, இரண்டு முறையும் அப்படியே திரும்பியிருக்கிறார். இரண்டாவது முறை உதடு நீலமாகிவிட்டதாம்.

"ஊசி எங்கூருக்கு வந்தாத்தானுங்க மேடம் அவருக்கு" என்று சென்னம்மாள் முதல் நாளே சொன்னார். "மூணாவது வந்துச்சுன்னா எங்கூட்டுக்காரரு தாங்க மாட்டாருங்க. எனக்குத் தெரியுமுங்க." அதைச் சொல்லும்போது அந்தச் சிரிப்பு இல்லை. எனக்கு என் கோபம்தான் வெட்கமாக இருந்தது.

பலாக்குழியில் நாற்பது பேர் ரத்தம் கொடுக்க வேண்டும். யார் யார் என்று கம்ப்யூட்டர்தான் பொறுக்கியது. வீட்டையும் அதுதான் சொல்லும், அந்த வீட்டில் எந்த ஆள் என்பதையும் அதுதான் சொல்லும். பட்டியலைச் சென்னம்மாளிடம் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டோம். அவர் வாசலில் உட்கார்ந்து பேரைக் கூப்பிட்டு நம்பர் சீட்டு கொடுப்பார். உள்ளே ரத்தம் எடுக்கும் நர்ஸ் நம்பரை மட்டும் பார்ப்பார், பேர் கேட்க மாட்டார். யாருக்கு நோய் வந்தது என்று ஊருக்குள் பேர் அடிபடக் கூடாது என்பதற்காக நானே போட்ட ஏற்பாடு அது. ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று எனக்குப் பக்கத்து ஊரிலும் வேலை. நான் மதியம் திரும்பி வந்தபோது நாற்பதுக்கு நாற்பது முடிந்திருந்தது.

மற்ற ஊர்களில் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் முப்பதைத் தாண்டவில்லை. கிழங்கட்டைகள் ஊசியைக் கண்டால் காட்டுக்குள் ஓடின. இங்கே நாற்பதுக்கு நாற்பது! சென்னம்மாளைக் கட்டிப்பிடிக்காத குறைதான். "எப்படிங்க சாதிச்சீங்க?" என்றேன். "எங்கூர்க்காரங்க சொன்னாக் கேட்பாங்க மேடம்" என்று பெருமையாகச் சொன்னார்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, மேலே ரோட்டோரத்து டீக்கடையில் சென்னம்மாளும் நானும் மிச்சக் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் அருணா போன் செய்தார். எங்கள் ஆய்வின் தலைவர் அவர். அதிர்ந்து பேசாதவர்.

"ராதிகா, பலாக்குழி முடிவு வந்துடுச்சு. நாற்பதில் முப்பத்தொண்ணு பேருக்குத் தடம் இருக்கு. பக்கத்து ஊரிலெல்லாம் எட்டு, பத்துதான். அறுபது வயசுக்கு மேல உள்ளவங்களுக்குக்கூட வந்துட்டுப் போயிருக்கு, ஆனா யாருக்கும் காய்ச்சல் வந்ததா குறிப்பு இல்லை. கொஞ்சம் ஆச்சரியமாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை கூட்டம். இந்தக் கணக்குப்படி பலாக்குழி கடைசிக்குப் போயிடும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன்! போனை வைத்துவிட்டு, "உங்க ஊரை நோய் வந்து தொட்டுட்டுச் சத்தமில்லாமப் போயிடுச்சு. பயப்பட ஒண்ணுமில்லை. நல்ல சேதிதான்" என்று சென்னம்மாளிடம் சொன்னேன்.

அவர் முகம் மாறவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அதெப்படிங்க மேடம்? எங்கூர்ப் பெருசுக மலைய உட்டே எறங்கலீங்களே. சந்தைக்குக்கூடப் போகல. குழந்தைசாமி மாமன் போன தையிலிருந்து காட்டுக் கொட்டாயிலயே கெடக்காரு. அவருக்கெப்படி வந்துருக்குமுங்க?"

"அறுபது தாண்டினவங்க ரத்தத்திலயும் இருக்குதாம். பட்டியலில் அவரும் இருக்காரே!"

"அது அவரு ரத்தமில்லீங்களே."

எனக்குப் புரியவில்லை. "பின்னே?"

"அவரு மகன் இளங்கோ குடுத்தானுங்க. மாமன் எழுவத்தி மூணு வயசுங்க, அவருகிட்டப் போயி ரத்தம் எடுக்கறதாவது? ஊட்டுக்கு ஒரு ஆளு கேட்டீங்க. நல்ல ரத்தமா இருக்கற ஆளாப் பாத்துத்தான் அனுப்புனோம்."

சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கண் அப்படியே என் மேல் குத்திட்டு நின்றது. அவருக்கே அப்போதுதான் விளங்கியிருக்கிறது.

அந்த ஊர் வழக்கம் அது. கோவில் திருவிழா வேலையா, மழையில் அரித்துப்போன பாதையைச் சரிசெய்வதா, வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். பேர் யாருடையதாக இருந்தாலும் திடமான ஆளைத்தான் அனுப்புவார்கள். வயசானவரை அனுப்பினால் அந்த வீட்டுக்கே கேவலம். ரத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றதும் ஊரே கூடிப் பேசி, இருப்பதில் நல்ல ரத்தத்தைக் கொடுத்திருக்கிறது. திருப்பூரிலிருந்து வைகாசியில் திரும்பி வந்த பையன்கள். அங்கே இருமி, இங்கே தேறி, தோள் புடைத்து நிற்கிற பையன்கள்! தடம் இல்லாமல் வேறென்ன இருக்கும்?

"எத்தனை பேரு?" என்றேன்.

கண்ணை மூடி விரல் விட்டு எண்ணினார். "இருவத்தி மூணுங்க."

அப்புறம் நான் கத்திய கத்தலில் டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார். உனக்கு அறிவிருக்கா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பட்டியலில் பேர் எதுக்குப் போட்டிருக்கு, ஊரையே குழியில் தள்ளிட்டியே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். நீங்க என்பது நீ ஆகிவிட்டது. உன் வீட்டுக்காரருக்கு நீயே எமனாயிட்டே என்றுகூடச் சொன்னேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சென்னம்மாள் அழவில்லை. முகம் வெளுத்து, முந்தானையை இழுத்துச் சொருகினார்.

"திட்டுங்க மேடம், நான் பண்ணுனது தப்புதானுங்க. ஆனா திட்டிக்கிட்டே நடங்க. ஆளுக காட்டுக்குக் கெளம்பறதுக்குள்ள ஊருக்குப் போகோணும்."

இறக்கத்தில் நடந்துகொண்டே டாக்டர் அருணாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "மேஜையில் ஆளைச் சரிபார்த்தது யாரு ராதிகா?"

யாருமில்லை. நம்பர் மட்டும் போதும் என்று சொன்னது நான். ஒரு வரியில் பேரையும் வயசையும் கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். சென்னம்மாளை அத்தனை பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டேனே, அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. "என் தப்பு மேடம்" என்றேன். முன்னால் போய்க்கொண்டிருந்த சென்னம்மாளுக்கும் அது கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினார்.

"புதன் சாயங்காலத்துக்குள்ள சரியான ஆட்கள் ரத்தம் வந்தா, வியாழக்கிழமை பரிசோதிச்சு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வெச்சிடலாம்" என்றார் டாக்டர் அருணா. "அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. தப்பான கணக்கைக் கொடுக்கறதுக்குப் பதிலா பலாக்குழியையே எடுத்துடுவேன்." எடுத்துவிட்டாலும் ஊசி வராது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இருபத்துமூன்று பேர், மூன்று நாள். ஆடியில் காட்டில் வேலைக்குக் குறைவில்லை, கேழ்வரகு நாற்று நடுகிறார்கள், மரவள்ளிக்குக் களையெடுக்கிறார்கள். டிரைவர் ரமேஷ்குமார் நர்ஸையும் குளிர்பெட்டியையும் மேலே கொண்டுவந்து இறக்க, நாங்கள் காடு காடாக அலைந்தோம். ஆட்களைக் கண்டுபிடிப்பதுகூடப் பெரிதில்லை. சம்மதிக்க வைப்பதுதான் பாடு. குழந்தைசாமி பெரியவரின் கொட்டாய்க்குத்தான் முதலில் போனோம். அவர் சரியென்றால் மற்றவர்கள் தட்ட மாட்டார்கள்.

"எங்கூட்டு மொறை முடிஞ்சுதே சாமி" என்றார் அவர். "ஒரு ஊட்டுல ரெண்டு தடவ வாங்குனா ஊருல என்ன பேசுவாங்க? எங்கெழட்டு ரத்தம் உங்களுக்கு எதுக்காகும்?"

இளங்கோ பக்கத்தில் நின்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "மேடம், இந்தக் கையில பத்தலைன்னா அந்தக் கையில எடுத்துக்குங்க" என்று இரண்டு கையையும் நீட்டினான். எனக்குச் சிரிப்பதா, அறைவதா என்று தெரியவில்லை. நான் வாயைத் திறக்கும் முன் சென்னம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"மாமா, மொளகு வியாபாரி வந்தா மூட்டையில குத்தூசி உட்டு எடுத்துப் பாக்கறானில்ல?"

"ஆமா."

"அவன் குத்தறதுக்கு முன்னாடி நாம உள்ள கையை உட்டு நல்ல மொளகு மட்டும் பொறுக்கி நீட்டுனா?"

"அதெப்படி ஒத்துக்குவான்? மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதேதானுங்க மாமா. இவங்க குத்துன எடத்துல நீங்க இருந்தீங்க. நாங்க உங்களை எடுத்துட்டு இளங்கோவ நீட்டிப்புட்டோம். அவன் திருப்பூர்ல சீக்கு வந்து தேறுனவன். அவனைப் பாத்துட்டு ஊரே தேறிப்போச்சு, ஊசி வேண்டாமுன்னு எழுதப் போறாங்க. தப்பு எம்மேலதானுங்க. உங்க கெழட்டு ரத்தந்தான் மாமா இப்ப வேணும்."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன உனக்கு?" என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டுக் கையை நீட்டினார். ஊசி ஏறியபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மனுஷனுக்குப் பயம், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மளமளவென்று நடந்தது. குத்தூசிக் கதையைச் சென்னம்மாள் வீட்டுக்கு வீடு சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் தப்பு தன்னுடையது என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒரு வீட்டில்கூட அதை விட்டுவிட்டுப் பேசவில்லை. நானாக இருந்தால் இரண்டாவது வீட்டிலேயே சுற்றி வளைக்க ஆரம்பித்திருப்பேன். புதன்கிழமை மூன்று மணிக்கு இருபத்துமூன்றாவது ரத்தக் குழாயும் பெட்டிக்குள் போனது. இந்தத் தடவை ஒவ்வொருவரிடமும் பேரும் வயசும் கேட்டு, ஆதார் அட்டையைப் பார்த்து, நானே எழுதினேன். ரமேஷ்குமார் பெட்டியை மடியில் பிள்ளையை வைப்பதுபோல முன்சீட்டில் கட்டிக்கொண்டு மலை இறங்கினார்.

வியாழன் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் அருணா கூப்பிட்டார். "நாற்பதில் ஒன்பது. விகிதப்படி எட்டு ஊரில் ரெண்டாவது குறைச்சல். பலாக்குழிக்கு வண்டி போகுது ராதிகா." பிறகு, "அறிக்கையில், உள்ளூர் உதவியாளர் தானே கண்டுபிடிச்சுச் சொன்னதால் மறுபடி எடுத்தோம்னு எழுதியிருக்கேன். அந்த அம்மா சொல்லலைன்னா நான் முப்பத்தொண்ணையே நம்பியிருப்பேனோ என்னவோ" என்றார்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் பள்ளிக்கூடத்தில் முகாம். முதல் வரிசையில் சின்னான், வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டு அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். சென்னம்மாள் எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்புள்ள, என்னமோ நான் பறந்துருவேங்கற மாதிரி பாக்கற?" என்றார் சின்னான். அரை மணி முடிந்து அவர் எழுந்து, மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று கிளம்பிய பிறகுதான் சென்னம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க அன்னைக்கு எமன்னு சொன்னீங்களே மேடம்..."

"நான் ஒரு கிறுக்கச்சி. மன்னிச்சிருங்க" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இல்லீங்க. அது நெசமாகிப் போயிருமோன்னு ஒரு மாசமா எனக்குச் சோறே எறங்கலீங்க." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரிசையில் நின்ற பெண்கள் ஊசி அவ்வளவு வலிக்குமா என்று பயந்து எங்களைப் பார்த்தார்கள்.

கார்த்திகையில் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. தையில் மூன்றாவது அலை வந்தது. பொங்கல் கழிந்த நாலாம் நாள் சென்னம்மாள் போன் செய்தார்.

"மேடம், அவருக்கு வந்துருச்சுங்க."

காய்ச்சல், இருமல், உடம்பு வலி. பரிசோதித்து உறுதியாகிவிட்டது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி ஒன்றை ரமேஷ்குமாரிடம் கொடுத்தனுப்பினேன். சென்னம்மாள் காலையும் மாலையும் நம்பரைப் படித்துச் சொல்வார். தொண்ணூற்று மூன்றுக்குக் கீழே போனால் ஆட்களை வைத்துக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும் என்று சொல்லி, ஜீப்பை ரோட்டில் நிறுத்தி வைக்க ஏற்பாடு செய்திருந்தேன். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றைந்து. எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் பேசவே பயந்தார்கள்.

ஏழாம் நாள் காலை, வழக்கமான நேரத்துக்கு முன்பே போன் அடித்தது. எடுத்தால் ஆண்குரல்.

"மேடம், நான் சின்னானுங்க. நீங்களாச்சும் இவளுக்குச் சொல்லுங்க. ஆறு நாளாக் கஞ்சியக் குடுத்தே கொல்றா. காட்டுல மொளகு பழுத்துக் கொட்டுது, ஏணியத் தொட உடமாட்டேங்கறா!" நடுவில் இரண்டு முறை இருமினார். ஆனால் சண்டை போடுகிற குரல் அது.

"ஏணியில கால் வெச்சீங்க, நானே மேல வந்து அந்தக் காலை ஒடிச்சிருவேன்!" என்று கத்தினேன். எனக்கு வேறெப்படிப் பேசத் தெரியும்?

ஊசி போட்டதால்தான் பிழைத்தாரா என்று டாக்டர் அருணாவிடம் கேட்டால், ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, ஆயிரக்கணக்கில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பார். அவர் சொல்வதுதான் சரி. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த ஒரு ஆள் போதுமாக இருந்தது.

போன் கை மாறியது. "நல்லா இருக்காருங்க மேடம்" என்றார் சென்னம்மாள். "நல்லா இருக்காருங்க." இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி வெகுநேரம் அப்படியே இருந்தோம். பின்னால் சின்னான் இன்னும் கஞ்சியைத் திட்டிக்கொண்டிருந்தார்.